எட்டாவது வருஷத்தில் வெட்டிக்கொண்ட கோடுகள்

1990 செப்டம்பர் 7, பியூனஸ் அயர்ஸ். ஹுவான் பரோடி என்கிற அறுவை மருத்துவர், வயிற்றைத் திறக்காமலேயே ஒருவருடைய வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தைச் சரிசெய்தார். தொடை இடுக்கில் வெட்டி, அந்த வழியாக ஸ்டென்ட் தைத்த துணிக்குழாயை மேலே அனுப்பி, பலூனை ஊதித் தமனிச் சுவரோடு பொருத்தினார். பழைய இரும்பு பைப்புக்குள்ள புதுசா ஒரு பிவிசி பைப் விடற மாதிரினு வெச்சுக்கோங்க. ரத்தம் புதுக் குழாயில் ஓடும், வீங்கிய பைமேல் அழுத்தம் விழாது.

"முதல்" என்ற வார்த்தையை யோசித்துத்தான் போடணும். கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலோடோஸ் 1987லேயே நெஞ்சுப் பகுதித் தமனியில் இதே வேலையைச் செய்திருந்தார். ரஷ்ய மொழியில் எழுதினார், மேற்கில் ரொம்ப நாள் யாரும் கவனிக்கலை.

அதுவரை இருந்த வழி, 1951ல் பாரிஸில் சார்ல் துபோ காட்டியது: வயிற்றைத் திறந்து, வீங்கிய பகுதிக்குப் பதில் வேறு குழாய் தைப்பது. பெரிய ஆபரேஷன். இதயமும் நுரையீரலும் பலவீனமானவர்கள் தாங்க மாட்டார்கள். பரோடி யோசித்தது அவர்களுக்காகத்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 1999 முதல் 2004 வரை 37 மருத்துவமனைகளில் 1,252 பேரைச் சேர்த்து எவார்-1 என்ற சோதனை நடத்தினார்கள். இரண்டு ஆபரேஷனையுமே தாங்கக்கூடியவர்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. 30 நாளுக்குள் இறந்தவர்கள் திறந்த அறுவையில் 4.3 சதவீதம், ஸ்டென்ட்டில் 1.8. நெதர்லாந்தின் ட்ரீம் சோதனையும் இதே பக்கம்தான் சாய்ந்தது. கேஸ் முடிஞ்சதுன்னு தோணும்.

முடியலை. ஓரிரு வருஷத்திலேயே அந்த முன்னிலை கரைந்துவிட்டது. 2016ல் வந்த 15 வருடக் கணக்கில், எட்டு வருஷத்துக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களிடம்தான் இறப்பு அதிகம். காரணம் எண்டோலீக். குழாய் ஓரத்தில் கசிவு, சின்னக் கிளைத் தமனிகள் வழியாகப் பின்னோக்கி வரும் ரத்தம், குழாயே நகர்ந்துவிடுவது. உள்ளே விட்டுவைத்த பழைய பை மறுபடி அழுத்தம் வாங்கி, சிலருக்கு வெடித்தது. அதனால்தான் ஸ்டென்ட் வைத்தவர் ஆயுசுக்கும் ஸ்கேனுக்கு வரணும். என் தொழில் பாஷையில் சொன்னால், பழைய கோடை எடுக்காமல் மேலே ஒரு ராப்பர் போட்டு ரிலீஸ் பண்ணியது. ரிலீஸ் நாள் அமைதியாகப் போகும். சப்போர்ட் டிக்கெட் பின்னாடி வரும்.

எனக்கு அதிர்ச்சி எவார்-2தான். திறந்த அறுவை தாங்காதவர்கள், அதாவது பரோடி நினைத்த அதே ஆட்கள், 404 பேர். ஸ்டென்ட் வைத்ததால் வீக்கம் வெடித்துச் சாவது குறைந்தது. ஆனா மொத்த ஆயுள் கூடலை. இதயமோ நுரையீரலோ முந்திக்கொண்டது.

2018ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, வெடிக்காத வீக்கத்துக்கு ஸ்டென்ட் வேண்டாம் என்கிற அளவுக்கு வரைவு எழுதியது. மருத்துவர்கள் கொதித்தார்கள். 2020ல் வந்த இறுதி வடிவம் இளகி, சிலருக்கு இடம் விட்டது.

"அதெல்லாம் பழைய தலைமுறைக் கருவி" என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் இன்றைய கருவியின் 15 வருடக் கணக்கு வேண்டுமென்றால் 15 வருஷம் ஆகும். அதற்குள் அதுவும் பழசாகிவிடும். 80 வயதுக்காரருக்கு அந்த எட்டாவது வருஷம் பெரிய கவலை இல்லாமல் இருக்கலாம். 62 வயதுக்காரர் அதைத் தாண்டித்தான் வாழப்போகிறார்.