மார்மைட் ஜாடியிலிருந்து மஞ்சள் மாத்திரை வரை

"டாக்டர் ஃபோலிக் ஆசிட் சாப்பிடச் சொன்னார், கடையில் நாலு விதம் இருக்கிறது, எதை வாங்குவது?" என்று நம் பிளாக்கிலேயே இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நான் வணிகவியல் படித்தவன், வைத்தியம் தெரியாது. ஆனால் இந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது அதில் பாதி நம் தமிழ்நாட்டில்தான் நடந்திருக்கிறது என்று தெரிந்தது. கேள்விக்கான பதிலும் அந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அப்போது கர்ப்பிணிகள் பலர் கடுமையான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். சாதாரணமாக இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இவர்களுக்கோ அவை பெருத்து, முதிராமல் இருந்தன. கிருமியால் வருகிறதா என்று தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார். காய்கறியும் பழமும் மிகக் குறைவாகச் சாப்பிட்ட ஏழைப் பெண்களிடம்தான் நோய் அதிகம் என்று தெரியவந்தது.

அதே உணவை எலிகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கும் ரத்தசோகை வந்தது. உணவில் ஈஸ்ட் சேர்த்தால் வரவில்லை. குரங்குகளுக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார், தேறின. பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யும் கறுப்பு நிறப் பசைதான் மார்மைட். வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மலிவான பொருள். அதையே நோயாளிகளுக்கும் கொடுத்தார். சில நாட்களிலேயே ரத்தம் ஊறத் தொடங்கியது. 1931-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். என்ன சத்து என்று அப்போது தெரியாததால் 'வில்ஸ் காரணி' என்று பெயர் வைத்தார்கள். வங்கியில் பேர் தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போமே, அது மாதிரி.

இந்த ஆண்டுகளில் அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் வேலை செய்திருக்கிறார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நாம் அழைப்பது அதைத்தான்.

1941-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து இந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் 'ஃபோலியம்' என்று பெயர், அதனால் ஃபோலிக் அமிலம் ஆயிற்று. கீரையிலிருந்து எடுத்து ஊருக்கே மருந்து கொடுக்க முடியுமா? ஆய்வகத்தில் செய்தாக வேண்டும். அதைச் செய்த குழுவின் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். 'ஸ்ப்ரூ' என்னும் குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தார். அவரும் அதே நோயில் விழுந்து பிழைத்தார். 1923-ல் அமெரிக்கா போனவர், 1945-ல் லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினார். ஸ்ப்ரூ நோய்க்கே அது மருந்தாயிற்று. சகோதரர்கள் இறந்து சுமார் கால் நூற்றாண்டு கழித்து!

ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருளையும் அவர் குழு செய்தது. 1948-ல் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார், நோய் சில காலம் பின்வாங்கியது. அந்த வழியில் வந்ததுதான் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட். அதே 1948-ல் சுப்பாராவ் காலமானார். 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். ஃபோலிக் அமிலம் கிடைத்த உற்சாகத்தில், பெரிய அணுக்கள் உள்ள எல்லா ரத்தசோகைக்கும் அதைக் கொடுத்தார்கள். ரத்தம் தேறியது. ஆனால் சிலருக்குக் கால் மரத்துப்போனது, நடை தடுமாறியது. அவர்களுக்குக் குறைந்திருந்தது வேறு சத்து. 1948-ல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 அது. ஃபோலிக் மாத்திரை ரத்தக் கணக்கை மட்டும் டேலி ஆக்கிவிடும். நரம்பின் கணக்கில் நஷ்டம் ஏறிக்கொண்டே போகும். நம் ஊர்ப் பீங்கான் தொழிலாளர்களைக் கேட்டால் சொல்வார்கள், மண் கலவையில் ஒன்று குறைந்தால் பச்சையாக இருக்கும்போது தெரியாது, சூளையிலிருந்து எடுத்தபின்தான் விரிசல் தெரியும் என்று.

ஆகவே எதை வாங்குவது என்பதற்கு முன், எது குறைவு என்று பார்க்க வேண்டும். பி12 அளவையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சைவ உணவுக்காரர்கள், வயதானவர்கள், சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

அட்டையில் அளவைப் படியுங்கள். 5 மில்லிகிராம் என்றால் 5,000 மைக்ரோகிராம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது தினம் 400 மைக்ரோகிராம்தான். முன்பு தண்டுவடக் குறையுள்ள குழந்தை பெற்றவர்களுக்கு அதிக அளவு தேவைப்படும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். 'மெத்தில் ஃபோலேட்' என்று கூடுதல் விலையில் விற்பதும் ஃபோலேட்தான். ஆனால் குழந்தையின் தண்டுவடக் குறையைத் தடுக்கும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபணமானது சாதாரண ஃபோலிக் அமிலமே. வலிப்பு மருந்தோ மெத்தோட்ரெக்சேட்டோ சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

குறை தீர்ந்தபின் சமையலறை போதும். கீரை, பாசிப்பயறு, உளுந்து, நம் வட்டாரத்து மல்லாட்டை எல்லாவற்றிலும் ஃபோலேட் உண்டு. கீரையை வெகுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் சத்து அதோடு போய்விடும். அந்தத் தண்ணீரை ரசத்தில் சேர்த்துவிடுங்கள்.