படத்துக்கு நிறம் போட்டவர்கள்



இந்த விடுமுறையில் ஊர் வட்ஸ்அப் குழுக்களைத் திறந்தால் ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்தது போல இருக்கிறது. இரணைமடுக் குளக்கட்டில் நின்று எடுத்த குடும்பப் படம் எண்ணெய் ஓவியமாக வருகிறது. நந்திக்கடலில் சூரியன் மறைவது நீர்வர்ணத்தில் வருகிறது. உம்றா போய் வந்தவர்களின் மதீனாப் படங்கள் ஜப்பான் கார்ட்டூன் பாணியில் வருகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன, அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. "இத யார் சேர் கண்டுபிடிச்சது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளும் என்று அவர்களுக்கும் தெரியும். வகுப்பில் மணி அடித்துவிடுகிறது. அதனால் இங்கே எழுதுகிறோம்.

பயணத்தில் கண்ட காட்சியைக் கருவி கொண்டு பிடித்து, பிறகு ஓவியமாக்குவது கமராவுக்கு முந்திய வேலை. இருட்டறை ஒன்றின் சுவரில் சிறு துவாரம் இட்டால் வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். இதை ஒழுங்காகப் பரிசோதித்து எழுதியவர்களில் முக்கியமானவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாழிர்' எழுதியவர் அவர்தான். (கமரா என்ற சொல்லே அரபுச் சொல் என்று முகநூலில் ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. அது சரியில்லை. இலத்தீனில் அறைக்குத்தான் அந்தப் பெயர். இப்னுல் ஹைதமின் பெருமைக்கு இட்டுக்கட்டிய கதை தேவையில்லை.)

அந்த இருட்டறை பின்னர் கையில் தூக்கிச் செல்லும் பெட்டியாகியது. 1786இல் கல்கத்தாவில் வந்திறங்கிய தோமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் அப்படிப்பட்ட பெட்டியோடுதான் இந்தியாவைச் சுற்றினார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களையும் மலைக்கோட்டைகளையும் தாளில் பதிந்துகொண்டு லண்டன் திரும்பி, 144 வர்ணப் படங்களாக அச்சிட்டார்கள். வில்லியமின் சகோதரர் சாமுவேல் டேனியல் எங்கள் நாட்டுக்கே வந்தார். அவர் வரைந்த இலங்கைக் காட்சிகள் 12 படங்களாக 1808இல் லண்டனில் வெளிவந்தன. அவர் அப்போது இலங்கையில் இருந்தார், 1811இல் இங்கேயே இறந்தும் போனார். வரைந்தவர் ஓரிடம், படம் அச்சாகி நிறம் பெற்றது வேறிடம். இந்த விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுவதும் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

1839இல் புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முகம் அச்சொட்டாக விழுந்தது, நிறம்தான் இல்லை. சனம் பொறுத்திருக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளுக்குள் சுவிட்சர்லாந்தில் இசென்றிங் என்பவர் படத்தின் மேல் நிறத்தூள் இட்டு விற்கத் தொடங்கிவிட்டார். இந்தியாவில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. சிற்றோவியம் தீட்டிப் பழகிய கைகள் புகைப்படத்தின் மேலேயே தடித்த வர்ணம் பூசின. சில படங்களில் முகத்தை விட்டால் அடியில் இருக்கும் போட்டோவே தெரியாது. ராஜஸ்தானின் நாத்துவாராவில் யாத்திரிகர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அவர்களின் முகத்தைப் போட்டோ எடுத்து, வெட்டி, கோயில் வழிபாட்டுக் காட்சி வரைந்த ஓவியத்தில் ஒட்டி, உடம்பையும் உடுப்பையும் ஓவியர் வரைந்து கொடுப்பார். யாத்திரை போன சாட்சியாக அதை வீட்டுக்குக் கொண்டு போவார்கள். இன்று கைத்தொலைபேசியில் முகத்தை ஏற்றிப் பின்னணியை மாற்றுகிற தம்பிமாருக்கு இது புதிதாகத் தெரியாது.

இலங்கைக்கு வருவோம். 1890இல் கொழும்பில் பிளாட்டே என்ற தம்பதியர் ஆரம்பித்த புகைப்பட நிறுவனம் தபாலட்டைகளுக்குப் பேர் பெற்றது. கண்டி வாவி, கொழும்புத் தெரு, தேயிலைத் தோட்டம் என்று கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர் வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். எடுத்தது கறுப்பு வெள்ளை, தபாலட்டை மட்டும் வர்ணம். அந்தக் காலத்தில் உலகத்தின் வர்ணத் தபாலட்டைகளில் பெரும்பங்கு ஜேர்மனியில் அச்சாகியது, இலங்கைத் தபாலட்டைகளும் நிறைய அங்கேதான் அச்சாகின. அச்சகத்தில் இருந்தவர் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. கடலுக்கு நீலம், தென்னைக்குப் பச்சை, மண்ணுக்குச் சிவப்பு என்று போட்டுக்கொண்டு போவார். ஒரே படம் இரண்டு தடவை அச்சாகும்போது ஒரே பெண்ணின் சேலை ஒன்றில் மஞ்சளாகவும் மற்றதில் ஊதாவாகவும் இருக்கும்.

இதை ஒரு தொழில்நுட்பமாகவே வளர்த்தவர் சூரிச்சில் ஓரெல் பியூஸ்லி அச்சகத்தில் வேலை செய்த ஹான்ஸ் யாக்கோப் ஷ்மிட். 1880களில் அவர் கண்டுபிடித்த முறைக்கு போட்டோக்குரோம் என்று பெயர். தார் வகைப் பூச்சு இட்ட சுண்ணாம்புக்கல்லின் மேல் நெகட்டிவை வைத்து வெளிச்சத்தில் விடுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் கழுவுப்பட்டுப் போகும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல். குறைந்தது ஆறு கல், பல வேளை பத்துக்கு மேல். எந்த இடத்தில் என்ன நிறம் என்று படம் எடுத்தவர் குறிப்பு எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்துச் செய்வார்கள். குறிப்பு இல்லாவிட்டால் ஊகம்தான். 1907இல் பிரான்சில் லூமியர் சகோதரர்கள் உருளைக்கிழங்கு மாத் துணிக்கைகளுக்கு நிறமூட்டிக் கண்ணாடியில் பரப்பி, உண்மையான நிறத்தையே பிடிக்கும் தகட்டை விற்பனைக்கு விட்டார்கள். விலை கூட. அதனால் பூசிய நிறத்தின் காலம் முடியவில்லை, இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

நாங்கள் பார்த்த பழைய தபாலட்டைகளில் வன்னி கிட்டத்தட்ட இல்லை. 1895இல் ஜே. பி. லூயிஸ் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கென்று தனிக் கையேடு எழுதினார், எழுத்தில் நாங்கள் இருக்கிறோம். ஆனால் உல்லாசப் பயணிக்குக் காடும் குளமும் காய்ச்சலும் உள்ள ஊரின் படம் எதற்கு? எங்கள் ஊரின் படத்தை எங்கள் ஆட்களே ஸ்டூடியோக்காரரைக் கொண்டு எடுப்பித்தால்தான் உண்டு.

எங்கள் வீடுகளில் வேறொரு பயணப் படம் இருந்தது. வாசலுக்கு நேரே சுவரில் மக்காவும் மதீனாவும். உருவப்படம் மாட்ட விரும்பாத வீட்டிலும் இந்த இரண்டும் இருக்கும். அந்தப் படங்களின் முன்னோடியைத் தேடினால் முஹம்மத் சாதிக் பே என்ற எகிப்திய இராணுவப் பொறியியலாளரிடம் போய்ச் சேரலாம். 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் முதலில் படம் பிடித்தவர் அவர். அதே பத்தாண்டில் மக்காவிலேயே வாழ்ந்த வைத்தியர் அஸ்ஸையித் அப்துல் கஃப்பார் தம் ஊரையும் ஹஜ்ஜுக்கு வந்தவர்களையும் படம் எடுத்தார். அவர் எடுத்தவை டச்சு அறிஞர் ஸ்னூக் ஹர்குரொன்யேயின் வெளியீடுகள் வழியாக ஐரோப்பாவில் பரவின. எடுத்த வைத்தியரின் பெயரோ நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. பிறகு கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறமேற்றி, குப்பாவுக்குப் பச்சை போட்டு, வானத்துக்கு நீலம் போட்டு அச்சகங்கள் விற்றன. நாங்கள் சிறுவயதில் பார்த்து வளர்ந்த மக்காவின் வானம் ஏதோ ஓர் அச்சகத்தில் கலந்த நீலம்.

ஊர் ஸ்டூடியோவையும் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தில் மெல்லிய தூரிகையால் உதட்டுக்குச் சிவப்பும் சேலைக் கரைக்குப் பச்சையும் வைத்துக் கொடுப்பார்கள். பின்னால் துணியில் மாளிகைப் படிக்கட்டோ நீர்வீழ்ச்சியோ வரைந்திருக்கும். வெளியூர் போகாமலே போன மாதிரி ஒரு படம். அந்த நிறக்காரருக்கு ஒரு வசதி இருந்தது: சேலையின் உண்மையான நிறம் என்னவென்று மணமகளிடமே கேட்கலாம்.

இனிக் கணினி. 1990 பெப்ரவரியில் போட்டோஷொப் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவின் டலஸ் நகரில் நடந்த கணினி வரைகலை மாநாட்டில் போல் ஹேபர்லி என்பவர் ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். திரையில் மவுஸை அசைக்க அசைக்க, அடியிலுள்ள போட்டோவிலிருந்து நிறத்தை எடுத்துத் தூரிகைக் கோடுகளாக விழுத்தும் முறை அது. இன்றைய செயலிகளின் வம்சாவளியில் அதற்கு மூத்த பிள்ளையின் இடம்.

அதே 1990இன் ஒக்டோபர் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா என்று எங்கள் ஊர்களும் வெறுமையாகின. கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு நடந்தவர்கள் அல்பத்தை எடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்குவார்களா, அல்பத்தைத் தூக்குவார்களா? எங்களுக்கு மட்டும் நடந்த இழப்பும் அல்ல இது. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையில் கடல் எத்தனையோ வீட்டு அல்பங்களைக் கொண்டு போனது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை ஓடிய தமிழ்ச் சகோதரர்கள் வழிநெடுகப் பெட்டிகளை விட்டுவிட்டுப் போனார்கள். வன்னியில் 1990க்கு முந்திய குடும்பப் படம் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் கொடுத்துவைத்தவர்.

எஞ்சியவை எப்படி எஞ்சின என்று பார்த்தால், பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியே போனவை. சவூதியிலோ குவைத்திலோ வேலை செய்த வாப்பாவுக்குத் தபாலில் அனுப்பியது, கொழும்பில் கல்யாணம் முடித்த சாச்சியின் அல்பத்தில் இருந்தது, இப்படித்தான். மீள்குடியேறிய பிறகு அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. 80களின் வர்ணப் பிரதிகள் பல செம்மை ஏறிப் போயிருக்கின்றன. தாளிலுள்ள சாயங்களில் நீலப்பச்சை முதலில் அழிந்தால் மிச்சம் சிவப்பாகத் தெரியும். பிள்ளைகள் அதைக் கண்டவுடன் செயலியில் போட்டு ஓவியமாக்கிவிடுகிறார்கள். எங்களுக்கு யோசனை தொடங்குவது இங்கேதான்.

ஹேபர்லியின் முறையில் போட்டோ அடியில் அப்படியே கிடந்தது, கோடு மேலே விழுந்தது. 2015இல் ஜேர்மனியின் டூபிங்கன் நகரில் கேற்றிஸ், எக்கர், பெத்கே என்ற மூவர் வேறொரு வழி காட்டினார்கள். பொருட்களை அடையாளம் காணப் பயிற்றிய செயற்கை நரம்பு வலையமைப்பைக் கொண்டு ஒரு படத்தின் உள்ளடக்கத்தையும் இன்னொரு ஓவியத்தின் பாணியையும் பிரித்தெடுத்துச் சேர்த்தார்கள். தங்கள் ஊர் ஆற்றங்கரை வீடுகளின் போட்டோவை வான்கோவின் பாணியில் மாற்றிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் ரஷ்யர்கள் வெளியிட்ட பிரிஸ்மா செயலி அந்த வித்தையைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்தது. அதிலும் வீடு வீடாகவே இருந்தது, சுவர் இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

2025 மார்ச்சில் சட்ஜிபிடி வழியாக ஜிப்லி பாணிப் படங்கள் உலகமெல்லாம் வெள்ளமாக வந்தபோது மாறியது வேறு. இவ்வகைக் கருவி உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒரு படத்தை உருவாக்குகிறது. தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்புகிறது. எங்கள் குழு ஒன்றில் வட்டுவாகல் பாலத்தின் படம் வந்தது. அந்த ஒடுங்கிய பாலம் வளைவுகளும் கல் கைப்பிடியும் வைத்த ஐரோப்பியப் பாலமாகிவிட்டது. பெயர்ப்பலகையின் தமிழ் எழுத்து எந்த மொழியும் இல்லாத கீறல்களாகிறது. கிடுகு வேலி மரவேலியாகிறது. மங்கிய முகத்துக்கு வேறு யாரோ ஒருவரின் மூக்கு வருகிறது. அந்தக் காலத்து ஜேர்மன் அச்சகக்காரர் சேலையின் நிறத்தைத்தான் மாற்றினார், சேலை கட்டியவரின் முகத்தை மாற்றவில்லை.

சுற்றுலாப் படத்துக்கு இது பாதகமில்லை. நாளைக்கும் இரணைமடுவுக்குப் போகலாம், இன்னொன்று எடுக்கலாம். 1986இல் பள்ளிவாசல் முன்னால் நின்று எடுத்த படத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது. அந்தப் படத்தில் ஆட்களுக்குப் பின்னால் கிணறு எந்தப் பக்கம் இருந்தது, எல்லையில் நின்றது பனையா வேம்பா, கடைப் பலகையில் யார் பெயர் என்பதெல்லாம் இருக்கிறது. ஊர் இருந்ததற்கு எங்களிடம் பத்திரங்கள் குறைவு. பேரப்பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டக்கூடிய ஓவியத்தில் அந்தக் கிணறு இடம் மாறியிருந்தால், அவர்களுக்கு அது மாறியது தெரியவே தெரியாது.

ஆகவே சில நடைமுறைக் காரியங்கள். பழைய படத்தை வீட்டு வாசலில் நிழலான இடத்தில் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையோ கொடாக் தாள் அடையாளமோ கையெழுத்தோ இருந்தால் அதிலிருந்தே காலத்தை ஓரளவு கணிக்கலாம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த திகதி விபரமும் கழன்றுவிடும். 'டொகியுமென்ட்' என்று தெரிவு செய்து அனுப்புங்கள். பின்பக்கத்தில் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். யார், எந்த இடம், எந்த ஆண்டு, எடுத்தவர் யார். மக்காவின் வைத்தியருக்கு நேர்ந்தது எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரருக்கும் நேர வேண்டாம், கடைசிக் கேள்வியை விடாதீர்கள்.

சேலை என்ன நிறம் என்று சொல்லக்கூடிய உம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். படத்தைக் காட்டிக் கேட்டு, அவர்கள் சொல்வதைக் குரல் பதிவாக்கி அதனோடு சேர்த்து அனுப்புங்கள். ஓவியமாக்கியதையும் அனுப்ப விரும்பினால் அனுப்பலாம், ஆனால் தனிக் கோப்பாக, 'செயலியில் செய்தது' என்று பெயரிட்டு. பாடசாலை தொடங்கிய பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்னென்ன மாறியிருக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு கண்டுபிடிக்க விடலாம் என்று இருக்கிறோம்.