பானைக்குள் ஒரு ஸ்டீரியோ!

மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தில் அவர் கோயில் கட்டிவிட்டார் என்கிறது திருவிளையாடல் புராணம். பட்ஜெட்டில் ஒன்றுக்கு ஒதுக்கி இன்னொன்றுக்குச் செலவழித்த ஆதி கேஸ்! பி.காம். படித்தவனுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகுமா?

அந்த வாதவூராரின் திருவாசகத்தை 2005-ல் இளையராஜா சிம்ஃபொனி இசையோடு ஆல்பமாகத் தந்தார். வாசித்தது புடாபெஸ்ட் இசைக்குழு. இன்றைக்கு செல்போனைத் தட்டினால் கேட்கலாம். ஆனால், அந்தச் சுண்டைக்காய் ஸ்பீக்கரில் அத்தனை பெரிய ஆர்க்கெஸ்ட்ராவும் கொசு ரீங்காரம்தான்!

'நல்ல சவுண்ட் வேணும், கையில காசு கம்மி. எதுல போடறது?' என்கிறீர்களா? சரித்திரத்தைக் கேட்போம்.

1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இருவர் ஒரு ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். ஒரு காந்தம், அதற்குள் அசையும் கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய கூம்பு. அவ்வளவுதான். நூறு வருஷம் ஓடிவிட்டது. உங்கள் வீட்டு ஸ்பீக்கருக்குள் பெரும்பாலும் இருப்பது இன்றும் அதே ஏற்பாடுதான்!

மாறியதெல்லாம் பாட்டு வந்து சேருகிற வழி. 78 ஆர்.பி.எம். இசைத்தட்டு, 1948-ல் எல்.பி., 1963-ல் பிலிப்ஸின் கேஸட், 1982-ல் சி.டி., அப்புறம் எம்பி3, இப்போது ஸ்ட்ரீமிங். ஒவ்வொன்று வந்தபோதும் முந்தையது பரணுக்குப் போனது.

இந்தச் சூட்சுமம் நம்மூர்க்காரர்களுக்கு அப்போதே புரிந்திருந்தது. எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 60 நிமிஷ கேஸட்டில் பாட்டுப் பதிந்து வாங்குவார்கள் (இன்றைய ப்ளேலிஸ்ட்டுக்குப் பெரியப்பா!). டேப்ரிக்கார்டரை மாற்றக் காசில்லையா? தனியாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி, மண்பானையின் வாயில் பொருத்தி, அறை மூலையில் வைத்தார்கள். 'தும்... தும்...' என்று வீடே அதிர்ந்தது.

வேடிக்கையில்லை, விஞ்ஞானம்! கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது, பின்னால் இழுக்கிறது. இரண்டு அலையும் சந்தித்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முதலில் பலியாவது பேஸ். பானை அந்தப் பின்பக்க அலையைச் சிறைபிடித்தது. உள்ளே அடைபட்ட காற்றும் தன் பங்குக்கு அதிர்ந்தது. மூலைச் சுவர்கள் பேஸைக் கூட்டிக் கொடுத்தன. சில சுரங்கள் மட்டும் அதிகமாக இரையும்தான். அந்த விலைக்கு வேறென்ன கேட்பது? கடத்துக்குப் பேர்போன மானாமதுரை பக்கத்திலேயே இருக்க, பானைக்குள் காற்று பாடும் என்று நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா!

சரி, கணக்குக்கு வருவோம். ஸ்பீக்கர் என்பது மூலதனச் செலவு. ஆப்-புக்குக் கட்டும் சந்தா, வாடகை. கூகுள் ப்ளே மியூசிக் 2020-ல் மூடப்பட்டது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடும் அறிவிப்பு 2024-ல் வந்தது. பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாட்டுப் பட்டியல் கடையோடு போய்விடும். ஸ்பீக்கர் எங்கேயும் போகாது.

ஆகவே, மாணிக்கவாசகர் வழியில் நீங்களும் புது செல்போனுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை ஸ்பீக்கர் பக்கம் திருப்புங்கள். பரணில் பழைய ஸ்டீரியோ இருந்தால் அதுகூட வேண்டாம். பின்பக்கம் 'ஆக்ஸ்' என்ற துளையோ, சிவப்பு - வெள்ளைத் துளைகளோ இருக்கிறதா? செல்போனிலிருந்து ஒரு ஒயர் போதும். போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் சின்னதாக ஒரு ப்ளூடூத் ரிசீவர். ஸ்பீக்கர் ஓரத்து ஃபோம் நைந்திருந்தால் ரேடியோ ரிப்பேர்க் கடையில் கேட்டுப் பாருங்கள், புதுசு ஒட்டித் தருவார்கள். ஆப்-பில் ஒலித்தரத்தை 'ஹை' என்று மாற்றிவிடுங்கள், அதற்குக் காசில்லை!

பழைய இரும்புக்காரர் தெருமுனையில் குரல் கொடுப்பதற்குள் ஒருதரம் பரணில் ஏறிப் பார்த்துவிடுங்களேன்!