இரண்டு பேர் பெற்ற பிள்ளை

பாரிஸில் ஆண்டுதோறும் நடக்கும் இலையுதிர்கால ஓவியக் காட்சிக்கு 1908இல் ழார்ஜ் பிராக் சில நிலக்காட்சிப் படங்களை அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 26. தேர்வுக் குழு படங்களைத் தள்ளியது. அந்தக் குழுவில் ஆன்ரி மத்தீஸும் இருந்தார். வண்ணங்களைக் கட்டவிழ்த்துவிட்டுப் பாரிஸையே அதிரவைத்தவர் அவர். அவருக்கும் இந்தப் படங்கள் பிடிபடவில்லை. பிராக் சின்னச் சின்னக் கனசதுரங்களாக வரைந்து அனுப்பியிருக்கிறார் என்று விமர்சகர் லூயி வோக்செலிடம் அவர் சொன்னதாகக் கலை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு.

தள்ளப்பட்ட படங்களை வாங்கித் தன் சிறிய காட்சிக்கூடத்தில் மாட்டியவர், ஜெர்மனியிலிருந்து வந்து பாரிஸில் கடை போட்டிருந்த இளம் ஓவிய வியாபாரி கான்வைலர். நவம்பரில் காட்சி திறந்தது. பட்டியலுக்கு முன்னுரை எழுதியவர் கவிஞர் அப்போலினேர். நவம்பர் 14ஆம் தேதி 'ஜில் பிளா' நாளிதழில் வோக்செலின் மதிப்புரை வந்தது. இடம், மனிதர், வீடு என எல்லாவற்றையும் பிராக் வடிவியல் சட்டகங்களாக, கனசதுரங்களாகச் சுருக்கிவிட்டார் என்பது அவர் குறை. குறையாகச் சொன்ன அந்தச் சொல்லே சில ஆண்டுகளில் கியூபிசம் என்ற இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

பெயருக்குக் காரணமான படங்களில் முக்கியமானது 'லெஸ்டாக் வீடுகள்'. இன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று மார்செய் நகருக்குப் பக்கத்தில் கடலோரமாக இருந்த சிற்றூர் லெஸ்டாக். 1908 கோடையில் பிராக் அங்கே தங்கி வரைந்தார். படத்தில் வானம் கிடையாது, தொடுவானக் கோடும் கிடையாது. வீடுகளுக்குக் கதவில்லை, சன்னலில்லை. மஞ்சள் கலந்த மண்நிறத்தில் சுவர்களும் கூரைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. இடப்பக்கம் ஒரு மரம் சாய்ந்து நிற்கிறது, இடையிடையே பச்சை. நிழல்களைக் கவனித்தால் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. தொலைவில் இருக்கும் வீடு பின்வாங்காமல் நம்மை நோக்கி முன்னே வருகிறது.

பிராக் லெஸ்டாக் போனதற்குக் காரணம் இருந்தது. போல் செசான் வரைந்த ஊர் அது. செசான் 1906 அக்டோபரில் இறந்தார். மறு ஆண்டு அதே இலையுதிர்காலக் காட்சியில் அவருடைய 56 படைப்புகளை ஒருசேர வைத்தார்கள். இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றின் வழியாக அணுகும்படி அவர் 1904இல் ஓர் இளம் ஓவியருக்கு எழுதியிருந்த கடிதமும் அந்தச் சமயத்தில்தான் அச்சில் வந்தது. அந்த வரிசையில் கனசதுரம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடிதத்தைவிடப் படங்களே பிராக்குக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன என்பது என் எண்ணம். ஒரு பொருளின் விளிம்பை முழுக்க மூடாமல் சற்றே திறந்துவிட்டு, அடுத்த பொருளோடு கலக்கவிடுவது செசானின் வழக்கம். மலைச்சரிவு மரக்கிளைக்குள் நழுவும். மேசைத்துணி சுவரோடு சேரும். பிராக் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்.

இங்கே பிக்காசோவின் பெயர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கலாம். பெரும்பாலான நூல்கள் கதையை 1907இல், மோன்மார்த்ர் குன்றில் இருந்த 'பாத்தோ லவ்வார்' என்ற இடிந்துபோன கட்டடத்தில், அவர் வரைந்த 'அவினியோன் மங்கையர்' படத்திலிருந்து தொடங்குகின்றன. எட்டடி உயரக் கித்தானில் ஐந்து பெண்கள். உடல்கள் கத்தியால் வெட்டியவைபோல் கூர்மூலைகளாக நிற்கின்றன. மூன்று முகங்களில் பழைய ஐபீரியச் சிற்பங்களின் சாயல். வலப்பக்கத்து இரண்டில் ஆப்பிரிக்க முகமூடிகளின் கடுமை. அதைப் பார்த்த பிராக், இது எங்களை மண்ணெண்ணெய் குடிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது என்ற பொருளில் ஏதோ சொன்னதாக நண்பர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்தப் படம் ஒரு பெரும் உடைப்பு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உடைத்த துண்டுகளை வைத்து அடுத்து என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை. அந்த விடையின் முதல் வரி லெஸ்டாக்கில் எழுதப்பட்டது. 1909 கோடையில் ஸ்பெயினின் ஹோர்தா கிராமத்துக்குப் போன பிக்காசோ வரைந்த வீடுகளையும் நீர்த்தொட்டியையும் பார்த்தால், பிராக்கின் வீடுகளுக்கு அவர் எழுதிய பதில்போலவே இருக்கும்.

அதன் பிறகு இருவரும் பிரியவில்லை. பாரிஸில் இருக்கும்போது ஒருவர் பட்டறைக்கு மற்றவர் அநேகமாக நாள்தோறும் போய், அன்றைய வேலையைப் பார்த்தார்கள். ஒரு படம் முடிந்துவிட்டது என்பதை இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். சில காலம் படத்தின் முன்பக்கத்தில் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திக் கித்தானின் முதுகில் மட்டும் எழுதினார்கள். இருவரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு மலையேறியவர்கள் என்று பிற்காலத்தில் பிராக் சொன்னார்.

அவர்கள் எதைத் தேடினார்கள்? பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய ஓவியம் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டிருந்தது. ஓவியர் ஓரிடத்தில் அசையாமல் நிற்பார். எல்லாக் கோடுகளும் தொலைவில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். நாம் அப்படியா பார்க்கிறோம்? ஒரு குவளையை மேலிருந்து பார்த்தால் அதன் வாய் வட்டம். கண்மட்டத்தில் பார்த்தால் அதே வாய் ஒரு கோடு. இரண்டும் உண்மை. நடந்து, குனிந்து, திரும்பி, கையால் தொட்டு அறிந்ததையெல்லாம் ஒரே தளத்தில் சொல்ல வேண்டுமானால், பொருளைத் தட்டையான சிறு முகப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் வேறுவேறு கோணத்தில் சாய்த்து மறுபடி பொருத்த வேண்டும். வடிவியல் அவர்களுக்கு உதவியது இந்தப் பொருத்தும் வேலையில்தான். பொருளைக் கனசதுரமாக்குவது அவர்கள் நோக்கமாக இருந்ததே இல்லை. வண்ணம் குறுக்கே வருகிறது என்று அதையும் ஒதுக்கினார்கள். பழுப்பும் சாம்பலும் மஞ்சள் மண்ணும் மட்டும் மிஞ்சின. 1910இல் பிக்காசோ வரைந்த கான்வைலரின் உருவப்படத்தில் கோத்த கைகளையும் முடி அலையையும் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் மனிதர் துலங்குவார்.

முழு அருவமாகிவிடும் விளிம்பு வரை போன இந்த ஓவியத்தைத் தரையோடு பிணைத்து வைத்ததில் பிராக்கின் கை பெரியது. அவருடைய அப்பாவும் தாத்தாவும் வீடுகளுக்கு வண்ணமடிப்பவர்கள், அலங்கார வேலை செய்பவர்கள். பிராக்கும் லெ ஆவ்ர் துறைமுக நகரில் வளர்ந்து அந்தத் தொழிலை முறையாகக் கற்றவர். வெறும் பலகையைத் தேக்குபோலவும் சலவைக்கல்போலவும் காட்டும் வித்தை அவருக்குக் கைவந்தது. 1909இல் வரைந்த 'வயலினும் வண்ணத்தட்டும்' படத்தில் வயலின் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்க, உச்சியில் ஓர் ஆணி மட்டும் நிழலோடு அச்சு அசலாக இருக்கிறது. 1911இல் தொடங்கிய 'போர்த்துகீசியர்' படத்தில் கடைப் பலகைக்கு எழுதுவதுபோல் அச்சுத்தகடு வைத்து எழுத்துகளையும் எண்களையும் பதித்தார். மரத்தின் ரேகைகளைப் போடும் பெயின்டர் சீப்பை பிக்காசோவுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. 1912இல் பிக்காசோ அந்தச் சீப்பால் 'கவிஞர்' படத்தில் தலைமுடியையும் மீசையையும் வாரிவிட்டார்.

அதே 1912 மே மாதத்தில் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைக் கித்தானில் ஒட்டிச் சுற்றிலும் கயிறு கட்டினார். செப்டம்பரில் பிராக் அவினியோனில் ஒரு கடையில் கருவாலி மரம்போல் அச்சிட்ட சுவர்த்தாளைப் பார்த்தார். அருகே சோர்க் ஊரில் உடன் தங்கியிருந்த பிக்காசோ பாரிஸுக்குப் போகும்வரை பொறுத்திருந்து, தாளை வாங்கி வந்து வெட்டிக் கரிக்கோல் சித்திரத்தோடு ஒட்டினார். 'பழத்தட்டும் கண்ணாடிக் குவளையும்' பிறந்தது இப்படி. ஒட்டுத்தாள் ஓவியத்தின் முதல் படம் அது. அக்டோபரில் பிராக்குக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய உத்தியைத்தான் தானும் கையாள்வதாக பிக்காசோ ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையே பாரிஸ் மக்கள் கியூபிசம் என்று அறிந்தது வேறு ஆட்களை. 1911 வசந்தத்தில் சுதந்திர ஓவியர்கள் காட்சியின் 41ஆம் அறையில் மெட்ஸாங்ஜே, கிளேஸ், லெஜே, தெலோனே முதலியோர் மாட்டிய படங்கள்தாம் ஊரைக் கிளப்பின. பிக்காசோவும் பிராக்கும் அங்கே இல்லை.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. ஸ்பானியரான பிக்காசோ அவினியோன் ரயில் நிலையம் வரை வந்து பிராக்கை வழியனுப்பினார். மறு ஆண்டு மே மாதம் போர்முனையில் பிராக்கின் தலையில் பலத்த காயம். மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்துதான் பிழைக்கவைத்தார்கள். ஜெர்மானியர் என்பதால் கான்வைலரின் இருப்புப் படங்களை அரசு பறிமுதல் செய்து, 1921க்கும் 1923க்கும் இடையே நான்கு ஏலங்களில் விற்றது. பிராக் மீண்டும் தூரிகை பிடித்தார். ஆனால் அந்தக் கூட்டு மீளவில்லை.

கியூபிசம் என்ற பிள்ளை அதற்குள் உலகம் சுற்றப் புறப்பட்டிருந்தது. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ககனேந்திரநாத் தாகூர் அந்த முகப்புகளை ஒளியும் இருளும் விளையாடும் மாளிகைகளாக மாற்றினார். கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீட், கியூபிசத்தின் கோடுகளை நம் பக்கத்து உடல்மொழியோடு சேர்த்தார்.

பிராக்குக்கு 1961இல் லூவ்ர் அருங்காட்சியகம் அவர் உயிரோடிருக்கும்போதே காட்சி வைத்தது. ஆனாலும் கியூபிசம் என்றதும் இன்றும் நம் வாயில் வருவது ஒரே பெயர். 1911 கோடையில் செரே ஊரில் இருவரும் சேர்ந்திருந்தபோது பிக்காசோ வரைந்த 'அக்கார்டியன் கலைஞர்' நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஊரில் பிராக் தொடங்கிய 'போர்த்துகீசியர்' சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கிறது. இரண்டின் படங்களையும் எடுத்து அருகருகே வைத்து, பெயரை மறைத்துக்கொண்டு பாருங்கள். எது யாருடையது என்று சொல்ல முயன்று பாருங்கள்.