மூணு நட்சத்திரமும் இருபது கொண்டை ஊசி வளைவும்

போன டிசம்பர்ல ஏற்காடு போயிருந்தோம். சேலம் பக்கத்துலேர்ந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏரிக்கரைக்குப் போறதுக்குள்ள எல்லாருக்கும் நல்ல பசி. ஃபோனை எடுத்துப் பார்த்தா ஒரு மெஸ்ஸுக்கு 3.6, இன்னொரு உணவகத்துக்கு 4.4. நீங்களா இருந்தா எங்க போயிருப்பீங்க? நாங்களும் அங்கதான் போனோம். ஜன்னல் வழியா மலை அழகா தெரிஞ்சது. சாம்பார் ஆறிப்போயிருந்தது.

ராத்திரி 3.6-க்குப் போனோம். சுடச்சுட இட்லி, அப்பதான் அரைச்ச சட்னி. அறைக்கு வந்து அந்த மெஸ்ஸுக்கு விழுந்த ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைப் படிச்சேன். ஒருத்தருக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கல. இன்னொருத்தர் போன அன்னிக்கு ஒரே மழையாம். சாப்பாட்டைப் பத்தி ரெண்டு பேருமே ஒரு வரி எழுதல. இந்த நட்சத்திரம் எங்கேருந்துதான் வந்ததுன்னு அன்னிக்குத் தேட ஆரம்பிச்சேன்.

நட்சத்திரத்துக்கு முன்னாடி ஆச்சரியக்குறி இருந்திருக்கு. மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கில எழுத்தாளர் ஐரோப்பியப் பயணிகளுக்காக எழுதி 1820-இல் வெளிவந்த கையேட்டில், பார்க்கவேண்டிய ஓவியங்களுக்கும் சிலைகளுக்கும் தரத்துக்குத் தகுந்த மாதிரி ஆச்சரியக்குறிகள் போட்டிருந்தார். இவருக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவருடைய அப்பா சென்னையில் கிழக்கிந்திய கம்பெனியில் வேலை பார்த்தவர். அதே 1820-களில்தான் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார்.

ஆச்சரியக்குறியை நட்சத்திரமாக மாற்றிப் பரவலாக்கியவை 1840-களில் வந்த ஜெர்மானியப் பேடெக்கர் கையேடுகள். உணவகத்துக்கு வந்தது அதற்கும் பிறகுதான். டயர் கம்பெனியான மிஷெலின் 1900-இல் கார் ஓட்டுபவர்களுக்காக ஒரு கையேடு போட்டது. 1926-இல் நல்ல சாப்பாடு கிடைக்கும் இடங்களுக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்து, 1931-இல் அதை மூன்று வரை நீட்டியது. 1936-இல் அர்த்தத்தையும் அச்சடித்துச் சொன்னது: ஒன்று என்றால் அந்த வகையில் நல்ல கடை, இரண்டு என்றால் வழியை விட்டுச் சுற்றிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் கிளம்பலாம். அதாவது, "இந்தச் சாப்பாட்டுக்காக எத்தனை வளைவு ஏறலாம்?" என்ற ஒரே கேள்விக்கான பதில் அது.

இன்னிக்கு ஃபோன்ல பார்க்கிற நட்சத்திரத்துக்குப் பின்னால அப்படி ஒரே கேள்வி கிடையாது. ருசி, விலை, கழிப்பறை, சர்வரோட முகம், மழை எல்லாத்தையும் கூட்டி வகுத்து ஒரு எண் வருது. போதாக்குறைக்கு ஹோட்டல்களுக்குச் சுற்றுலா அமைச்சகம் தர்ற நட்சத்திரம் வேற. அது அறை, வசதிகளைப் பார்த்துக் கொடுக்கறது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க நிறைய.

அதுக்காக நட்சத்திரமே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். மைக்கேல் லூகா என்ற பொருளாதார ஆய்வாளர் 2011-இல் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டார். யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்பது அவர் கண்டது. அந்த லாபம் முழுக்கத் தனிக் கடைகளுக்குத்தான். எல்லாருக்கும் பேர் தெரிந்த சங்கிலிக் கடைகளுக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஏற்காட்டில் வார இறுதிக்கு வந்து போகிறவருக்கு விசாரிக்க உள்ளூரில் ஆள் கிடையாது. விளம்பரத்துக்குக் காசில்லாத சின்ன மெஸ் அவர் கண்ணில் படுவது நட்சத்திரத்தால்தான். அதே காரணத்தால், மழைக்காகப் போட்ட ஒற்றை நட்சத்திரம் நேரா அந்த மெஸ்ஸோட கல்லாப்பெட்டியிலதான் விழுது.

ஏமாத்துறதும் சுலபம். 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று ட்ரிப்அட்வைசரில் பதிந்து, பொய் விமர்சனங்களாலேயே அதை ஊரில் முதலிடத்துக்கு ஏற்றிக் காட்டினார். அதுவரை அங்கே ஒருவரும் சாப்பிட்டதே கிடையாது! இங்கேயும் இணைய விமர்சனங்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது.

இதுக்கு ஒரு வழி ஏற்காட்டுக் காபித் தோட்டத்துலயே இருக்கு. காபி மூட்டையில் போடுகிற ஏ, பி, சி என்பதெல்லாம் முக்கியமாகச் சல்லடையில் நிற்கிற கொட்டையின் அளவைச் சொல்வது. ருசிக்குத் தனிச் சோதனை உண்டு. மணம், புளிப்பு, திடம், குடித்த பிறகு நாக்கில் நிற்கும் சுவை என்று ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் கூட்டுவார்கள். மொத்த எண்ணை நம்பாவிட்டாலும் எதில் குறைந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நானும் அன்னிக்கு ராத்திரி அப்படித்தான் எழுதினேன். இட்லி, சட்னி பிரமாதம். விலை குறைவு. கார் நிறுத்த இடம் கிடையாது, நடந்து வாங்க. கடைசியா ஒரு எண் போட்டே ஆகணும்னு ஃபோன் கேட்டுது. அஞ்சு போட்டேன்.