அதிகாலையில் பிறந்த கணினிமொழி

கணினி நிரலாக்கம் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் ஏன் இடைநடுவில் கைவிடுகின்றனர் என ஆசிரிய நண்பர்கள் என்னிடம் வினவுவதுண்டு. கணிதம் வராதென்பதே பலரும் கூறும் காரணம். நான் கணினித்துறை சார்ந்தவன் அல்லன். பழைய ஏடுகளைப் புரட்டும் பத்திரிகையாளன். வரலாறு வேறொரு விடையைத் தருகின்றது.

1960களின் தொடக்கத்தில் நிரல் எழுதியவர் அதனைத் துளையட்டைகளில் பதிந்து இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டு, பல மணி நேரம் காத்திருக்கவேண்டும். ஒரு குறியீடு பிழைத்தாலும் மறுபடியும் காத்திருப்புத்தான். இந்நிலையில் புதியவருக்கு ஆர்வம் எங்ஙனம் நிலைக்கும்?

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்களாக விளங்கிய ஜோன் கெமெனியும் தோமஸ் கேர்ட்ஸும் இதனை மாற்ற முனைந்தனர். அங்கு பயின்றோரில் பெரும்பான்மையினர் விஞ்ஞான மாணவர்கள் அல்லர். நாளை நிர்வாகப் பொறுப்பேற்கப்போகும் அவர்களும் கணினியை அறிந்திருக்கவேண்டும் என்பது இவர்களது உறுதி.

1964 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆம் திகதி அதிகாலை 4 மணியளவில், இரு முனையங்களிலிருந்து ஒரே வேளையில் இயக்கப்பட்ட நிரல்களுக்குச் சரியான விடைகள் கிடைத்தன. 'பேசிக்' மொழி பிறந்தது. எளிய ஆங்கிலச் சொற்களே அதன் கட்டளைகள். பலர் ஒருங்கே ஒரு கணினியைப் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறைமைக்கான நிரல்களை எழுதியவர்கள் இளங்கலை மாணவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நூலகத்தைப் போன்றே கணினியும் மாணவர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. ஒருசில விரிவுரைகளுடன் அவர்கள் முனையத்தின் முன் அமர்ந்தனர். பிழை விட்டால் உடனே தெரிந்தது, உடனே திருத்தினர். விளையாட்டு நிரல்கள்கூடத் தடுக்கப்படவில்லை. அவை புதியவரின் தயக்கத்தைப் போக்குமெனப் பேராசிரியர்கள் கருதினர்.

கண்டனமும் எழுந்தது. பேசிக் பயின்ற மாணவருக்கு நல்ல நிரலாக்கம் கற்பிப்பது ஏறத்தாழ இயலாதென 1975 இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சாடினார். அம்மொழியின் குறைகளை மறுப்பதற்கில்லை. எனினும் இளம் நிருபர் பலர், தமது முதற்செய்தி அச்சில் வந்ததைக் கண்ட பின்னரே இலக்கணத்தில் அக்கறை கொண்டதை நான் கண்டிருக்கின்றேன். தொடங்காதவரைத் திருத்த எவராலும் இயலாது.

கெமெனி 1992 இலும் கேர்ட்ஸ் 2024 இலும் மறைந்தனர். பேசிக்கின் இடத்தை இன்று வேறு மொழிகள் பிடித்துவிட்டன. ஆயினும் அவர்கள் கண்ட வழி பழையதாகிவிடவில்லை. ஆசிரியர்களே, முதல் வகுப்பிலேயே பிள்ளை தான் எழுதிய இரண்டு வரிகள் இயங்குவதைக் காணட்டும். வரைவிலக்கணங்களை மறுநாள் மனனம் செய்யலாம்.