இரட்டையரில் அண்ணன் யார்?

குரோம்பேட்டை பக்கத்தில் இருக்கும் எங்கள் அஸ்தினாபுரத்தின் பெயரைச் சொன்னாலே "நீங்க பாண்டவரா, கௌரவரா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேலிதான். ஆனால் அந்தப் பழைய அஸ்தினாபுரத்துச் சண்டைக்குள்ளே ஒரு சின்னக் கேள்வி ஒளிந்திருக்கிறது. மூத்தவன் யார்?

முதலில் கருவுற்றவள் காந்தாரி. முதலில் பிள்ளை பெற்றவள் குந்தி. கருவைக் கணக்கில் எடுத்தால் துரியோதனன் மூத்தவன், பிறப்பைக் கணக்கில் எடுத்தால் தருமன். தருமன்தான் மூத்தவன் என்று திருதராட்டிரனே ஒப்புக்கொள்கிறான். அதே மூச்சில், "அவனுக்குப் பிறகாவது என் மகன் அரசனாவானா?" என்றும் கேட்கிறான்.

இரண்டு தாய்களுக்கே இந்தப் பாடு என்றால், ஒரே வயிற்றில் இரண்டு பிள்ளைகள் இருந்தால்?

மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் நேராகச் சொல்லிவிடுகிறது: இரட்டையரில் முதலில் பிறந்தவனே மூத்தவன். பாகவதம் சொல்வது வேறு. முதலில் வெளியே வந்தவன் இரண்யாட்சன். ஆனால் முதலில் கருவில் உண்டானவன் இரண்யகசிபு. அதனால்தான் பின்னால் பிறந்தும் அவன் அண்ணன் ஆகிறான். எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால் மனு ஃபிஃபோ, பாகவதம் லிஃபோ! சரக்கு ஒன்றுதான், கணக்கு எழுதும் முறைதான் வேறு.

சரி, புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம்.

பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு 1807இல் மெஹ்தாப் கவுர் மூலமாக இரட்டைப் பிள்ளைகள். ஷேர் சிங், தாரா சிங். இவர்களில் யார் மூத்தவர் என்று பெரிய வழக்கே வரவில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. பாட்டி சதா கவுர் எங்கிருந்தோ வாங்கி வந்த குழந்தைகள் இவர்கள் என்று வதந்தி. ரஞ்சித் சிங்கும் முழு மனதோடு இவர்களை ஏற்கவில்லை. இவர்களுக்கு முன்பே, 1801இல், இன்னொரு மனைவிக்குப் பிறந்த கரக் சிங்தான் வாரிசு.

1839இல் ரஞ்சித் சிங் இறந்தார். கரக் சிங் 1840 நவம்பரில் இறந்தார். தந்தையின் ஈமச்சடங்கு முடிந்து திரும்பிய மகன் நவ் நிகால் சிங் மீது வாசல் வளைவு இடிந்து விழுந்து அவரும் போய்விட்டார். இப்போது யார்? கரக் சிங்கின் மனைவி சந்த் கவுர், "என் மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள், பிறக்கப்போகும் பிள்ளைக்குத்தான் அரியணை" என்றார். 33 வயது ஷேர் சிங்குக்கு எதிரே இன்னும் பிறக்காத ஒரு குழந்தை!

கடைசியில் முடிவு செய்தது பீரங்கி. 1841 ஜனவரியில் ஷேர் சிங் லாகூர் கோட்டையை முற்றுகையிட்டு அரசரானார். அந்தக் குழந்தை இறந்தே பிறந்தது. 1842இல் சந்த் கவுர் கொல்லப்பட்டார். 1843 செப்டம்பரில் ஷேர் சிங்கும் சுடப்பட்டார். அவருக்குப் பின் ஐந்து வயது துலீப் சிங். 1849இல் நாடு பிரிட்டிஷ்காரர் கையில். அரியணை ஏறாத தாரா சிங் மட்டும் அதற்குப் பிறகும் பத்து வருடம் வாழ்ந்தார்.

இதோடு மொனாக்கோவை ஒப்பிட்டுப் பாருங்கள். 2014 டிசம்பர் 10 மாலை 5.04க்கு இளவரசி கேப்ரியெல்லா பிறந்தாள், 5.06க்கு ஜாக். இரண்டே நிமிடம். ஆனால் வாரிசு தம்பிதான், ஏனென்றால் அங்கே ஆணுக்கு முன்னுரிமை. ஸ்வீடனில் 1980இல் செய்ததுபோல் அந்த முன்னுரிமையை எடுத்திருந்தால் கேப்ரியெல்லாதான் அடுத்த அரசி. அந்தப் பெண்ணுக்கு இது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் சண்டை இல்லை, ரத்தம் இல்லை. காரணம், குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே விதி எழுதப்பட்டிருந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். முதலில் பிறந்ததால் யாரும் திறமைசாலி ஆகிவிடுவதில்லை. இரண்டு நிமிடத்தில் என்ன அனுபவம் வந்துவிடப் போகிறது? மூத்தவன் என்பது இயற்கை கொடுத்த பட்டம் இல்லை, சண்டையைத் தவிர்க்க மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அப்படியானால் அதை நியாயமாக மாற்றவும் நம்மால் முடியும். ஆனால் மாற்றுவதைப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பிறந்த பிறகு விதியைத் தேடினால் லாகூரில் நடந்ததுதான் நடக்கும். அஸ்தினாபுரத்தில் நடந்ததும் அதுதானே?